டிராம்போனுக்குத் தேங்காய் எண்ணெய்

டிராம்போன் வாசிக்கிற குழந்தை இரண்டு ஊதலுக்கு நடுவில் மூச்சை எங்கிருந்து இழுக்கிறது? வெளிக்காற்றிலிருந்தா, அந்தக் குழாய்க்குள்ளிருந்தா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். தாம்பரத்தில் அவள் படிக்கும் பள்ளியில் இந்த வருடம் பேண்டில் சேர்ந்தாள். கை நீளமாக இருக்கிறது என்று மாஸ்டர் அவளிடம் டிராம்போனைக் கொடுத்துவிட்டார். குழாய்க்குள் குழாய் நுழைந்திருக்கும் வாத்தியம் அது. ஸ்லைடு என்கிற வெளிக்குழாயை முன்னும் பின்னும் இழுத்தால் சுரம் மாறும். அது வழுக்கிக்கொண்டு போக உள்குழாயின் மேல் ஏதாவது பூச வேண்டும். எதைப் பூசுவது என்பதில்தான் என் பயம் ஆரம்பித்தது. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு. “ஊதறது நல்லதுதாம்மா. புகை, ஸ்ப்ரே, நெடி மட்டும் வேண்டாம்” என்றார் டாக்டர். அதில் பின்பாதி மட்டும் என் மனதில் தங்கிவிட்டது.

என் கணவருக்குத் திருமுடிவாக்கத்தில் உதிரிபாகம் செய்யும் யூனிட்டில் வேலை. விஷயத்தைச் சொன்னதும் ஒரு ஸ்ப்ரே டப்பாவோடு வந்தார்.

“எங்க மெஷினெல்லாம் இதுலதான் ஓடுது. ஒரு தடவை அடிச்சா போதும், வெண்ணெய் மாதிரி போவும்.”

நான் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். “ஏங்க, மூச்சுல இழுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே.”

“எல்லா டப்பாலயும்தான் போட்டிருக்கும். கொசு மருந்துல போடலையா? அதை மட்டும் வீடு பூரா அடிக்கிற.”

அன்றிலிருந்து கொசு மருந்தையும் நிறுத்திவிட்டேன். ஸ்ப்ரே டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

தையல் மெஷின் எண்ணெய், வாசலின் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். எல்லாவற்றிலும், இது அவள் நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்ற இடத்தில் வந்து நின்றேன். கடைசியில் தேங்காய் எண்ணெய். தாளிக்கிறோம், தலைக்குத் தடவுகிறோம், பிறந்த குழந்தையின் உடம்பில் தேய்க்கிறோம். இதைவிடப் பாதுகாப்பாக என்ன இருக்க முடியும்? சாயங்காலம் தடவினேன். ஸ்லைடு சறுக்கிக்கொண்டு போனது. “சூப்பர்மா” என்றாள் மகள்.

மறுநாள் மார்கழிக் குளிரில் அதிகாலையிலேயே பேண்டு பயிற்சி. அவளுக்குத் தலை வாரலாம் என்று எண்ணெய் பாட்டிலை எடுத்தால், வெள்ளையாக உறைந்து கிடந்தது. வெந்நீரில் வைத்து உருக்கி, தடவி, பின்னல் போட்டுவிட்டேன். இவ்வளவு செய்தவளுக்கு, ஸ்லைடுக்குள்ளும் அதே எண்ணெய்தான் இருக்கிறது என்று தோன்றவில்லை.

பள்ளி மைதானத்தில் அவளை விட்டுவிட்டுத் திரும்பும்போது மாஸ்டர் கூப்பிட்டார். அவள் முகம் சிவக்க ஸ்லைடை இழுத்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. மாஸ்டர் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“இன்னா மேடம், எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி அனுப்பிட்டீங்களா?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் டிராம்போனை, அப்போதுதான் வெயில் விழத் தொடங்கியிருந்த படிக்கட்டில் வைத்தார். “இளகிடும். வூட்டுக்குப் போயி சோப்புத் தண்ணி விட்டுக் கழுவுங்க. ஸ்லைடு க்ரீம்னு விக்குது, பொட்டளவு தடவி, மேல தண்ணி தெளிங்க. அவ்ளோதான்.”

“அது மூச்சோட உள்ள போகாதா சார்?”

“ஊதறதுதானே மேடம். உறியறது இல்லையே.”

ஆனால் வாயை எடுக்காமலே அவள் மூச்சு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அதை மாஸ்டருக்குச் செய்து காட்டச் சொல்லலாம் என்று அவளைத் தேடினேன். காணவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். வாயைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. இருமல் சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள், என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“நீ கிளம்பும்மா.”

என் கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து நீட்டினேன். அவள் உள்ளிழுத்தாள். தோள் அடங்கியது.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா டிராம்போனைப் புடுங்கிடுவ.”

அதுவரை நான் பயந்தது எண்ணெய்க்கும் ஸ்ப்ரேக்கும். அந்த நிமிடத்திலிருந்து பயம் வேறு. மூச்சு முட்டினாலும் இவள் என்னிடம் சொல்ல மாட்டாள். அப்படி ஒளித்துக்கொள்ள, என் முகத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது க்ரீம்தான் தடவுகிறோம். தெளிப்பதற்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். ஸ்லைடு நன்றாகப் போகிறது. இருமல் சில நாள் வருகிறது, சில நாள் இல்லை. க்ரீமா, மைதானத்துப் புழுதியா, பனியா, பிரிக்கத் தெரியவில்லை. “ஏதாவது பண்ணுதாடி?” என்றால், “ஒண்ணும் இல்லம்மா.” கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. அறைக்குள் அவள் வாசிக்கும்போது கையில் கரண்டியோடு கதவுக்கு வெளியே நிற்கிறேன். வாசிப்பு சட்டென்று நின்றால், தாளைப் புரட்டுகிறாளா, இருமலை விழுங்குகிறாளா என்று தெரியாமல் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

இதைப் படிப்பவர்களில், வீசிங் உள்ள பிள்ளையை ஊதும் வாத்தியம் வாசிக்க விட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் ஸ்லைடில் எதைப் பூசுகிறீர்கள்? அதைவிட முக்கியமாக, பிள்ளை உண்மையைச் சொல்கிற மாதிரி எப்படிக் கேட்கிறீர்கள்?