கரு இருந்த ரத்தம்

கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் அதை விட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் கண் கூர்மை. காய்ச்சல் பரவி ஆள் போதாமல் போனபோது மைக்ராஸ்கோப் முன்னால் என்னை உட்காரவைத்தார்கள். ஒரு மாதம் சோதனை. தேறினால் நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் மறுபடி பாட்டில்.

எனக்கு மேலே இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி, ரத்தம் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் குமாஸ்தா. ஒருமுறை அவருடைய மூக்குக்கண்ணாடியில், ரத்தத்துக்குப் போடும் நீலச் சாயத்தைத் தடவிவிட்டு, "ஐயா, இன்னிக்கு ஊருக்கே நீலக் காய்ச்சல் போல" என்றேன். அதிலிருந்து லேப்பில் எது கோணலாக நடந்தாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் லைன் ஆட்களின் ரத்தக் கண்ணாடிகள் காய்ச்சல் சோதனைக்கு என் தட்டில் வந்தன. ஆட்கள் விடியுமுன்பே தண்டவாள வேலைக்குப் போய்விடுவதால், அவர்களுடைய கங்காணியே விரலில் ஊசி குத்தி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, நம்பர் போட்டு அனுப்புவார். கடைசிக் கண்ணாடி அந்தக் கங்காணியுடையது.

அதில் வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை. மனுஷனுடைய சிவப்பணு வட்டமாக, நடுவில் அமுங்கி இருக்கும். மெல்லிய தோல், அதற்குள் சிவப்புச் சாறு, அவ்வளவுதான். கரு கிடையாது. கரு இருப்பது வெள்ளையணுவில். இங்கேயோ சிவப்பணு ஒவ்வொன்றும் முட்டை வடிவில், நடுவில் கருநீலக் கருவோடு கிடந்தது.

எனக்கு இது புதிதல்ல. மத்தியானம் கிராணி சாப்பிடப் போனதும் கோழி, தவளை, பல்லி என்று அகப்பட்டதன் ரத்தத்தையெல்லாம் திருட்டுத்தனமாகப் பார்த்தவன் நான்.

"ஐயா, இது கோழி," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "சாயம் திரண்டு நிக்குது. ஒழுங்காக் கழுவத் தெரியாதோ உமக்கு?"

விடுவேனா? என் விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் அறுத்த கோழியிடம் ஒரு சொட்டு வாங்கினேன். சாயமே போடாமல், உப்புத் தண்ணீருக்குப் பதில் இரண்டிலும் வெறும் தண்ணீர் விட்டேன். அணுவின் தோல் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தது. அணு உப்பி, வெடித்தது. என்னுடையதில் வெளிறிய தோல்தான் மிச்சம். கோழியுடையதில் கரு அப்படியே நின்றது.

கிராணி நிமிர்ந்தார். "அப்ப கோழிதான். ஐசே, இது உம்மட விளையாட்டு. நாளைக்குக் காலமை டாக்டர் துரைக்கு முன்னால வந்து நில்லும்."

நான் நிரூபித்ததே என் தலையில் விடிந்தது.

சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். கங்காணி குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"அண்ணே, ஒங்களுக்கு ரெக்கை எப்ப மொளைச்சுச்சு?"

"என்னடா ஒளறுறே?"

"ஒங்க ரத்தத்தப் பாத்தேன். கோழி ரத்தமாவுல்ல இருக்கு."

அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "காப்பு கட்டியிருக்கேன்டா. தீ மிதிக்கிற வரைக்கும் ஒடம்புலேர்ந்து ஒரு சொட்டு ரத்தம் சிந்தக்கூடாது. ஆளுங்களுக்கெல்லாம் குத்திட்டேன். எனக்கு மட்டும் பாசார்ல கோழி அறுக்கிற எடத்துல வாங்கித் தேச்சேன். செவப்பு செவப்புதானே, யாருக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியும்ல," என்றேன். அந்த நேரத்திலும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

காலையில் துரை முன்னால் நிற்கப்போவதையும் என் நாற்காலி போகப்போவதையும் சொன்னேன்.

"நான் ஒத்துக்கிட்டா என் கங்காணி வேலை போயிருமேடா," என்றார். துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வெள்ளைக்கார டாக்டர் துரை இங்கிலீஷில் கேட்டார், கிராணி தமிழில் சொன்னார்: "நீர்தானே வைச்சனீர்?"

"இல்லீங்க. நான் வெச்சிருந்தா ஒங்க தட்டுலதான் வெச்சிருப்பேன். என் தட்டுலயே வெச்சுக்கிட்டா எனக்கு எப்படிச் சிரிப்பு வரும்?"

கிராணி அதை அப்படியே இங்கிலீஷில் சொல்ல வேண்டியதாயிற்று. துரையின் மீசை ஆடியது.

"அப்ப ஆரெண்டு கேக்கிறார்."

பேரைச் சொன்னால் தப்பித்தேன். ஊரையே வம்புக்கு இழுக்கும் வாய், அன்றைக்கு மூடிக்கொண்டது. "அத அவருதான் சொல்லணும்," என்றேன்.

துரை பேனாவை எடுத்தார். அப்போது வாசலில் செருமல் கேட்டது. துண்டைக் கையில் பிடித்தபடி கங்காணி.

"கோழி என்னுதுதான் தொர. இவன் மேல தப்பில்ல. காப்பு கட்டியிருக்கேன். தீ மிதிச்சுட்டு வந்து வெரல நீட்டுறேன்."

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னதும் துரை அவரையும் அந்தக் கயிற்றையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவைத்தார். "வரட்டுமாம்," என்றார் கிராணி.

தீமிதி முடிந்த மறுநாளே கங்காணி வந்தார். நானே குத்தினேன். நெருப்பில் நடந்த மனுஷன் ஊசிக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அந்தக் கண்ணாடியில் எந்தச் சிவப்பணுவிலும் கரு இல்லை. ஆனால் சிலவற்றில், தோலுக்கு உள்ளே, மோதிரம் போல ஒரு நீல வளையம். மலேரியா. கோழியை நம்பியிருந்தால் அவருக்குக் கொயினா மருந்து கிடைத்திருக்காது.

"அண்ணே, மருந்து குடிக்கணும்."

"கசக்குமாடா?"

"ஒங்க ஆளுங்கள நீங்க திட்டுற அளவுக்குக் கசக்காது."

கிராணி வந்து அந்தக் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். பார்த்தவர் கையெழுத்து என்ற இடத்தில், அதுவரை அவர் மட்டுமே போட்டுவந்த இடத்தில், நாலாம் வகுப்புக் கையால் என் பேரை எழுதினேன்.