மூன்றாம் சுற்று

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் ஜவ்வாது மலைக்கு வந்து நவீன்குமாரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். போன ஐப்பசியில் நடந்தது இது. ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை.

நவீன்குமார் ஆட்டோ ஓட்டுகிறவன். மொனாக்கோ பைத்தியம். அந்தக் குட்டி நாட்டில் ஊர்த்தெருக்களிலேயே கார் பந்தயம் விடுவார்கள். காசினோ என்னும் சூதாட்ட மாளிகை, சுரங்கம், நீச்சல்குளம் எல்லாவற்றையும் தாண்டிச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். போனில் அதைப் பார்த்துப் பார்த்து, ஆலங்காயத்துக்கு இறங்கும் மலைப்பாதைக்கும் அதே பெயர்களை வைத்துவிட்டான். சீட்டாடும் பெட்டிக்கடை காசினோ. புளியமரங்கள் கவிந்த இடம் சுரங்கம். தண்ணீர் தேங்கும் சிறுபாலம் நீச்சல்குளம். அதைத் தாண்டினால் சமவெளி. மனைவி சரிதா தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று சாயங்காலம் கொல்லையில் மகள் பூஜாவை நல்ல பாம்பு கடித்துவிட்டது. ஆறு வயது. சரிதா அவளை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கிளம்பியபோது மணி 5.40. போதாக்குறைக்கு மூடுபனி.

காசினோ. அப்போது மணி 5.58. சுரங்கம். நீச்சல்குளத் தண்ணீரில் சக்கரம் இறங்கியது... சளக்.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

பனிக்குள் ஒரு கடை தெரிந்தது. அதே பெட்டிக்கடை.

“இன்னாங்க... இத்த அப்பவே தாண்டிட்டமே?”

“தெர்லடி. பாப்பாவப் பாரு.”

“கண்ணு சொக்குதுங்க. சீக்கிரம் போங்க!”

சுரங்கம். சளக். எல்லாம் இறக்கம்தான், எங்கேயும் ஏறவில்லை. திரும்பவும் பெட்டிக்கடை...

போனைப் பார்த்தான். 5.58.

மொனாக்கோவில் கட்டம் போட்ட கொடியை வீசும்வரை பந்தயம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பெயர் வைத்தவன் அவன்தானே!

தோளில் துண்டு கிடந்தது. கட்டம் போட்டது.

மூன்றாவது முறை தண்ணீரில் இறங்கியதும் கையை வெளியே நீட்டி வீசினான்.

“முடிஞ்சிது! போதும், வுட்ரு!”

சளக்...

எதிரே ஆலங்காயம் விளக்குகள்.

பூஜா பிழைத்துக்கொண்டாள். விடிந்ததும் கண் திறந்தாள். நவீன்குமார் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“நாம ஜெயிச்சிட்டமாப்பா?”

“யார கண்ணு?”

“பின்னாடியே ஒரு ஆட்டோ தொரத்திக்கினு வந்துச்சே...”

“யாரு ஓட்னாங்க?”

“நீதாம்ப்பா. அம்மாவும் இருந்துச்சி. அம்மா மடியில நான்... நான் மட்டும் அசையவே இல்ல.”