வலைக்குக் கீழே புதைத்தது

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பிழைகள் இருக்கும், முன்னுக்குப் பின்னாகவும் வரும். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐஸ் ஹொக்கி அணியைப் பற்றி எங்கள் ஆட்கள் யாரும் எழுதவில்லை, நீங்கள் எழுதுங்கோ என்று அண்ணனின் மகன் கரைச்சல் தருகிறான். அவனே எழுதலாம். அதில் விளையாடியவன் அவன். "அதில பெரிய ஆள் நீங்கள்தானே மாமி" என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பையும் நான் முழுதாக நம்பவில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் இந்தப் பனி நாட்டுக்கு வந்து மல்வேர்னில் இருந்தோம். நானும் அவனும்தான். அண்ணனும் அண்ணியும் விசாவுக்காகக் கொழும்பில் காத்துக் கிடந்தார்கள். பிள்ளையைச் சின்ன வயதிலேயே என்னோடு அனுப்பிவிட்டார்கள். போன் எடுக்கும் போதெல்லாம் அண்ணன் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: "பிள்ளைக்கு ஒண்டும் வராமல் பார்த்துக்கொள்." எனக்குக் கல்யாணம் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. அந்தச் சொல் என் நெஞ்சில் கல்லாக இருந்தது.

எனக்கு வேலை, மல்வேர்னுக்கு வடக்கே பஸ் திரும்புகிற இடத்தில் ஐஸில் சறுக்கி விளையாடுகிற அரீனாவில். அங்கே கன்ரீனில் உருளைக்கிழங்கு பொரிப்பேன், பிள்ளைகளுக்கு ஹொட் சொக்லேட் ஊற்றிக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் விட்டதும் அவன் அங்கே வந்து என் வேலை முடியும்வரை நிற்பான். சும்மா நின்றவன் சறுக்கப் பழகினான். பழகிப் பழகி, பெரிய பொடியனானதும் அங்கிருந்த ஜூனியர் அணியில் வலை காக்கும் கோலியாகிவிட்டான். அண்ணனிடம் "விளையாடுறான்" என்று மட்டும் சொன்னேன். அவர் காற்பந்து என்று நினைத்துக்கொண்டார்.

அந்த இடம் முன்பு தனி ஊராம். வயல்களும் ஒரு வேதக்கோயிலும் ஒரு மில்லும் இருந்தனவாம். குளம் உறைந்ததும் ஊர்ப் பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடித் தொடங்கிய அணிதான் இது. பிறகு நகரம் ஊரை விழுங்கிவிட்டது. அணி மட்டும் அந்த ஊரின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு திரிந்தது. அரீனாச் சுவரில் பழைய படங்கள் வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே முகச்சாடை: தகப்பன், மகன், பேரன். கடைசிப் படத்தில் மட்டும் நடுவில் எங்கள் பிள்ளை, கறுப்பாக, பல்லெல்லாம் தெரிய. பார்க்க எனக்குப் பெருமைதான். ஆனால் இவர்களுக்கு வயிறு எரியாதா என்றும் யோசிப்பேன்.

அங்கே ஐஸ் போடுகிற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் இருந்தார். நான் அவரை ஐஸ்காரர் என்றே எழுதுகிறேன். இளமையில் அதே அணியில் விளையாடியவர், படத்திலும் இருந்தார். எனக்குக் காலை வணக்கம் சொல்வார். ஆனால் கன்ரீனில் ஒரு நாளும் எதுவும் வாங்கமாட்டார். வீட்டிலிருந்து பாண் கொண்டுவந்து ஒரு மூலையில் இருந்து தின்பார். என் கையால் வாங்கித் தின்னாத மனிதன் என்று மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

கோடை முடியும்போது வெறும் சீமெந்துத் தரையில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் ஐஸ் போடுவார்கள். ஒரு நாள் காலை நேரத்தோடு போய்விட்டேன். ஐஸ்காரர் என் கன்ரீன் யன்னலுக்கு நேரே, வலை வைக்கும் இடத்தில் குந்தியிருந்தார். பொக்கற்றிலிருந்து எதையோ எடுத்துத் தரையில் வைத்தார். சுற்றிப் பார்த்தார். பிறகு தண்ணீர் விட்டார். நல்ல காரியம் செய்கிறவன் ஏன் சுற்றிப் பார்க்க வேண்டும்? எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தைக் கெடுக்க நினைத்தால், மந்திரத் தகடு எழுதி அவர்கள் வீட்டு வளவில் புதைப்பார்கள்.

அந்த வருடம் பிள்ளைக்கு அடி மேல் அடி. விரல் வீங்கியது, பிறகு முழங்கால், பிறகு தோள். எல்லாம் அந்த வலையில் நிற்கும்போதுதான். மற்ற வலை கன்ரீன் யன்னலுக்குத் தெரியாது, ஆகவே அங்கே நடந்ததை நான் அறியேன்.

"தம்பி, அந்த ஐஸ்காரர் உன்னோட ஏதும் கதைச்சவரோ?"

"ஓம். கையை உயர்த்திப் பிடி எண்டவர்."

"வேற?"

"வேற ஒண்டுமில்லை. உங்களுக்கு இப்ப ஆரில சந்தேகம் மாமி?"

"எனக்கு ஆரிலயும் சந்தேகமில்லை. நீ உந்தப் பக்கத்து வலையில நிக்காதை."

"பக்கம் மாறி மாறித்தான் நிக்கவேணும். நான் மட்டும் மாட்டன் எண்டால் கோச் என்னை வீட்டை அனுப்பிப்போடுவார்."

பெரிய ஆட்டங்கள் தொடங்கியபோது கோச் அவனை விளையாட விடாமல் ஓரத்து வாங்கில் இருத்திவிட்டு மற்றக் கோலியைப் போட்டார். பிள்ளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவன் தலையைச் சுற்றி, "துப்பு" என்றேன். கண்ணை உருட்டினாலும் துப்பினான்.

கண்ணூறு, நாவூறு கழித்தால் அந்த மிளகாய் உப்பை எரிக்க வேண்டும். அப்பாட்மென்றில் எப்படி எரிப்பது? முன்பொரு தரம் சட்டியில் எரித்து, புகை மணி அடித்து, கட்டடமே பைஜாமாவோடு பனிக்குள் நின்றது. ஆகவே ஒரு முடிவெடுத்தேன். கெடுதல் எங்கே புதைந்திருக்கிறதோ அங்கேயே போடுவது. மறுநாள் காலை சப்பாத்துக்கு மேலே கம்பளிக் காலுறை இழுத்து, ஐஸில் இறங்கி, விழுந்து, எழும்பி, வலைக்கு முன்னால் கொட்டினேன். போதாது என்று கன்ரீன் உப்புப் பைக்கற் ஒன்றையும் மேலே கவிழ்த்தேன்.

உப்பு ஐஸை உருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வாசற்படியில் நானே தூவியிருக்கிறேன். அந்த நேரம் அது ஞாபகத்தில் வரவேயில்லை.

பின்னேரம் மற்ற அணி வந்து இறங்கியபோது வலைக்கு முன்னால் சட்டி அளவில் பள்ளம். அதற்குள் சிவப்பாக மிளகாய். அவர்கள் இவர்களைச் சந்தேகப்பட்டார்கள், இவர்கள் அவர்களை. கோச் ஒரு மிளகாயை விரலால் எடுத்து மணந்து பார்த்துவிட்டு, நேரே எங்கள் பிள்ளையிடம் வந்தார். விளையாட விடாத கோபத்தில் இவன்தான் செய்தான் என்று நினைத்தார். அணிச் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கையால் காட்டினார்.

மிளகாயைக் கண்டதுமே பிள்ளைக்கு விளங்கியிருக்கும். அவன் என் யன்னல் பக்கம் திரும்பவேயில்லை. சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.

நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள். அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு போனேன். "நோ. மீ. சோல்ற்" என்றேன். உப்புப் போட்டது நான்தான் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். கோச் ஏன் என்று கேட்டார்.

"சொல்லு தம்பி. உவர் புதைச்சதை முறிக்கத்தான் எண்டு சொல்லு."

"மாமி, பிளீஸ். உதை நான் சொல்லமாட்டன்."

ஆகவே நானே ஐஸ்காரரைக் காட்டினேன். குந்தினேன், வைத்தேன், சுற்றிப் பார்த்தேன், தண்ணீர் விட்டேன். கிழவரின் முகம் மிளகாயை விடச் சிவந்துவிட்டது. அவர் மெதுவாக ஏதோ சொல்ல, பிள்ளை தமிழில் சொன்னான்.

"அது அடிச்சு விளையாடுற பழைய ரப்பர் வட்டாம் மாமி. அவற்ர தகப்பன் குளத்தில விளையாடினது. அணிக்கு நல்லது நடக்க எண்டு ஒவ்வொரு வருசமும் வைக்கிறவராம். ஒருத்தருக்கும் சொல்லுறேல்லையாம்."

கோச் கிழவரைப் பார்த்தார். "ஒவ்வொரு வருசமுமோ? அப்ப ஏன் நாங்கள் தோற்றுக்கொண்டே இருக்கிறம்?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்கள். ஐஸ்காரர் பனித்தூளும் தண்ணீரும் போட்டுப் பள்ளத்தை அடைத்தார். ஆனால் மற்றக் கோலிப் பொடியன் அந்த வலைக்குக் கிட்டவும் போகமாட்டேன் என்று நின்றுவிட்டான். கோச்சுக்கு வேறு வழியில்லை. சட்டையை எங்கள் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்தார். அந்த ஆட்டம் முழுவதும் அவன்தான் நின்றான். அவனுக்கு ஒரு கீறலும் விழவில்லை.

மறுநாள் ஐஸ்காரர் முதல் தரம் கன்ரீனில் பொரியல் வாங்கினார். உப்பு வேண்டாம் என்று கை காட்டினார். அது பகிடியா, பயமா என்று இன்றுவரை தெரியாது.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. பாதி ஆட்டம் எதிரணிக்காரன்தானே அந்த வலையில் நிற்கிறான்? அப்படியென்றால் அந்த நல்லது யாருக்கு? ஆட்டங்கள் முடிந்து தரை ஐஸ் முழுவதையும் உருக்கிய நாளில் எனக்குக் காய்ச்சல். வட்டை நான் கண்ணால் காணவில்லை. பிள்ளை சொன்னதுதான். அவனுக்கோ அன்றைக்கு எப்படியாவது கதை முடிந்தால் போதும்.

அந்த ஆட்டத்தில் வென்றோம் என்பது என் ஞாபகம். தோற்றோம் என்கிறான் அவன். அந்த அணியில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, வலைக்குக் கீழே இருந்து எடுத்ததைக் கண்ணால் கண்டவர்கள் சொல்லுங்கள். கேள்விப்பட்டவர்கள் வேண்டாம்.