அவங்க சொல்றதுக்கு மேல

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, என் கணவருக்கு பைக் விபத்து நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வலது காலில் கம்பி வைத்திருந்தார்கள். கோல் ஊன்றி நடப்பார், படி மட்டும் ஏற முடியாது. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஒரு லேபர் கான்ட்ராக்டர் தலைக்கு இவ்வளவு என்று பேசி, அதே வீட்டில் ஆட்களைத் தங்க வைத்து, நாங்கள் கொடுப்பதைப்போல மூன்று மடங்கு வாடகை தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு அவர் வேண்டாம் என்று சொல்வாரா?

தரைத்தளத்தில் வேறு வீடு தேடினேன். பேக்கிங் செக்‌ஷனில் ஷிப்ட் முடிந்ததும் யூனிபாரத்தோடு தெருத் தெருவாகப் போவேன். மாடி காலியாக இருக்கும், கீழே இருக்காது. கீழ்வீடு எல்லாம் கான்ட்ராக்டர்கள் கையில் இருந்தது. கடைசியில் சொந்தமாக வாங்கிவிடுவது என்று துணிந்தோம். விபத்துக்கு வந்த நஷ்டஈடு, என் சம்பளத்தைக் காட்டி வங்கியில் வீட்டுக் கடன், மீதிக்கு என் நகை.

கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் அந்த வீட்டைப் பார்த்தோம். சின்ன வீடுதான். வாசலில் ஒரே ஒரு படி. என் கணவர் கோலால் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். இறங்கினார். யாரும் கேட்காமலே மறுபடி ஏறினார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை விபத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஓனர் கேட்ட விலைக்கே சரி என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

அடுத்த நாள் புரோக்கர் போன் செய்தார்.

"யம்மா, சோழவரத்துலேர்ந்து ஒரு பார்ட்டி வந்து பாத்தாங்க. உங்களவிட ஒரு லட்சம் தூக்கிக் கேக்கறாங்க. ஓனரு யோசிக்கறாரு."

கம்பெனி கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. யோசிக்காமல் வாயிலிருந்து வந்தது.

"அவங்க இன்னா சொல்றாங்களோ, அதுக்கு மேல அம்பதாயிரம் நான் தர்றேண்ணா. இன்னைக்குன்னு இல்ல, எப்ப ஏத்துனாலும் அப்படித்தான். ஓனர்கிட்ட சொல்லிடுங்க."

"எது வரைக்கும்மா?"

"எது வரைக்கும்னாலும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா பேசிட்டு வந்துக்கீற நீ? இதுக்கு மேல முடியாதுன்னு ஒரு அளவு சொல்லத் தேவயில்லயா?"

"அளவு சொன்னா அந்த அளவோட ஊடு போயிடும். உங்களுக்கு ஊடு வேணுமா வேணாவா?"

அவர் கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு போன் வராத நாளே இல்லை. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவோம். டீ பிரேக்கில் ஓடிப்போய்த் திறப்பேன். "அவங்க ஏத்திட்டாங்கம்மா, உங்க கணக்குப்படி இப்ப இவ்ளோ" என்பார் புரோக்கர். விலை ஏறியது. வங்கியிலோ கடன் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. வீட்டின் மதிப்பு எவ்வளவோ அதற்குத்தான் கடன், மேலே நீங்கள் எதைப் பேசினாலும் அது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார்கள். என் நகை போதாமல் அக்காவிடம் அவள் நகையைக் கேட்டேன். கழற்றிக் கொடுத்தாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சோழவரத்துப் பார்ட்டி பெரிய பணக்காரனாக இருப்பான், கார் வைத்திருப்பான் என்று நினைத்து நினைத்து, முகம் தெரியாத அந்த ஆளை மனசுக்குள் திட்டிக்கொண்டே பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் வீட்டை இன்னொரு தடவை பார்க்கப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே என்னைவிட மூத்த ஒரு பெண், தையல் டேப்பை வைத்து அறையின் நிலைப்படியை அளந்துகொண்டிருந்தார்.

"யாருங்க?" என்றேன்.

"ஊடு வாங்கறதுக்குப் பேசிக்கினு இருக்கோம். சோழவரம். கட்டில் நுழையுமான்னு பாக்கறேன்."

"கும்மிடிப்பூண்டி பார்ட்டி நான்தான்கா" என்றேன்.

அவர் டேப்பைக் கீழே போட்டுவிட்டார். "நீயா? நீ இன்னாத்துக்கும்மா இப்படி ஏத்திக்கினே போற? ரோடு போடறதுக்கு எங்க ஊட்ட எடுத்துக்கினாங்க. அதுக்குக் குடுத்த டப்ப வச்சித்தான் இந்த ஊட்ட கேக்கறோம். கொழுந்தன் ஊட்ல ஒண்டிக்கினு கீறோம். பொண்ணு மாசமா வேற கீறா."

"நான் ஏத்தலக்கா. நீங்க சொல்றதுக்கு மேல அம்பதாயிரம்னுதான் சொல்லி வச்சேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நானும் அதத்தான் சொல்லி வச்சேன். நீ சொல்றதுக்கு மேல அம்பதாயிரம்."

இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவர் அழ ஆரம்பித்தார், நானும் அழுதேன். அங்கிருந்தே புரோக்கருக்குப் போன் போட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் இன்னா பண்றது? அவங்க சொன்னத உங்கிட்ட சொன்னேன், நீ சொன்னத அவங்ககிட்ட சொன்னேன். ஒரு பொய் சொல்லலம்மா நான்."

அவர் சொன்னது நிஜம்தான்.

நேரே ஓனரிடம் போவது என்று முடிவு செய்தோம். ஆளுக்கு ஒரு விலை, கையில் இருப்பதை வைத்து உண்மையாகக் கொடுக்க முடிந்த விலை. அவர் யாருக்குக் கொடுத்தாலும் மற்றவள் வாயைத் திறக்கக் கூடாது. மறுநாள் நான் லீவு போட்டேன். திருவள்ளூரில் மகன் வீட்டில் இருந்தார் ஓனர். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். எனக்கும் சோழவரத்து அக்காவே டிக்கெட் எடுத்தார்.

ஓனர் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நாங்கள் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"நான் ஏத்தச் சொன்னேனாம்மா? நீங்களாதான் ஏத்திக்கினே போனீங்க. நான் சொன்ன வெலைய நீங்க தாண்டிப் போனதும் எனக்கே பயமாயிடுச்சி. அவ்ளோ பெறும்போலக்கீதேன்னு வெளியில விசாரிச்சேன். ஒரு கான்ட்ராக்டரு வந்தாரு. நீங்க கடைசியா சொன்ன வெலதான், லோனு கீனு எதுவும் இல்ல, ரொக்கமா. நேத்து அட்வான்ஸ் வாங்கிட்டேன்."

"பழைய வெலைக்கு நாங்க ரெண்டு பேருமே வாங்கியிருப்போமேப்பா" என்றார் அந்த அக்கா.

"நான் அப்ப அந்த வெலதானம்மா கேட்டேன்" என்றார் அவர். நாங்கள் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தோம்.

இப்போது மீஞ்சூரில் மாடி வீட்டில் இருக்கிறோம். காலையில் என் கணவர் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார். நான் கோலையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் வருவேன். கீழ்வீட்டுக்காரர்கள் அந்த நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர் இறங்குவதைப் பார்க்கக் கூடாது என்ற மரியாதைக்குத்தான் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவுச் சத்தத்தில் அவர் கழுத்து குனிகிறது.

சோழவரத்து அக்கா எப்போதாவது போன் செய்வார். மகளுக்குக் கொழுந்தன் வீட்டிலேயே குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. "ஊடு எதுனா கெடச்சிச்சாம்மா?" என்று கேட்பார். "இல்லக்கா, உங்களுக்கு?" என்பேன். "இன்னும் இல்லம்மா" என்பார். அப்புறம் குழந்தை அழும். "இரும்மா, பால் காச்சணும்" என்று அவர் போனை வைத்துவிடுவார்.