முன் வரிசையில் ஒரு சுருள்

ருமானா அக்கா தரைக்குப் பாலிஷ் போடுகிறவர். நைட்டிக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், முக்காடு நழுவாமலிருக்க இரண்டு ஊக்கு. மிஷின் அவர் கணவர் உபைதுல்லா அண்ணனுடையது. முதுகெலும்புத் தட்டு விலகி அவர் படுத்துவிட்ட வருஷம், "மிஷினை வித்துருவோம்" என்றாராம். "வித்துட்டு?" என்று மட்டும் கேட்டாராம் அக்கா. மறுநாளே வீட்டுக் கூடத்தில் ஓட்டிப் பழக ஆரம்பித்தார். மிஷின் அவரை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதிய தடம் இன்னும் இருக்கிறது. இப்போது அண்ணன் உட்கார்ந்தபடி கல் அறுத்துக் கொடுக்கிறார். தேய்ப்பது முழுக்க அக்காதான்.

ரிங் ரோட்டில் ஒரு கல் கடையில் நான் பில் போடுகிறேன். அங்கேதான் அவரைத் தெரியும். எழுமலையில் எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், படித்தது நிலவியல். "கல்லு விக்கிறதுக்கா கல்லு படிச்ச?" என்று அம்மா கேட்கும்போது சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அதே கேள்வி எனக்கும் இருந்தது.

பழைய ஊருக்குள் ஒரு பள்ளிவாசலின் மாடியில், பெண்கள் தொழும் அறைக்குத் தரை போடும் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. கல் எங்கள் கடையில் எடுத்தது, பாலைவன ஊரான ஜெய்சால்மரின் மஞ்சள் கல். ஆனால் அவருடைய கண் கீழே இருந்த பெரிய ஹாலின் மேல்தான். "மாடி நல்லா அமையட்டும், கீழையும் உனக்கே தாரோம்" என்று செயலாளர் முகம்மது கனி சொல்லியிருந்தார். அம்புட்டுப் பெரிய வேலையை ஒரு பெண்ணிடம் கொடுப்பதா என்று கமிட்டியில் முனகல் இருந்தது அக்காவுக்குத் தெரியும்.

ரமலானுக்கு முந்தின வாரம் கடைக்குள் விறுவிறுவென்று வந்து செல்போனை நீட்டினார். மஞ்சள் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுருள். உள்ளே சின்னச் சின்ன அறைகளாகத் தடுப்புகள்.

"செல்வி, இதை யாரு வரைஞ்சது?"

"யாரும் வரையலக்கா. எங்க இருக்கு?"

"முன் வரிசையில, தொழும்போது நெத்தி படுற இடத்துல. கல்லா இருந்தப்ப ஒண்ணும் தெரியல. கடைசிப் பாலிஷ் ஓட்டிக் கழுவிவிட்டேன், முழிச்சுக்கிட்டு நிக்கிது. உயிருள்ளதோட உருவம் பள்ளிவாசல்ல இருக்கக் கூடாது. கனி மாமு பாத்துட்டாரு. உடைச்சு எறி, கீழ் ஹாலுக்கு வேற ஆளப் பாத்துக்கிறோம்ங்கிறாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

"என்னன்னு தெரியாம உடைக்க மாட்டேன்னேன். வண்டியில ஏறு."

வழியெல்லாம் எனக்குப் பயம். புதைபடிவம் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததைத் தவிர வேறெங்கும் கண்டதில்லை. கீழக்குயில்குடி மலையை முழுக்கத் தேய்த்தாலும் ஒரு சிப்பி கிடைக்காது. நம் பக்கத்துப் பாறைகள் பூமியின் ஆழத்தில், எந்த உயிரும் பிழைக்காத வெப்பத்தில் உருவானவை. எழுதியதெல்லாம் எனக்கு உண்மையிலேயே தெரியுமா?

மாடி அறையில் கனி பாயும் பள்ளிவாசலின் இமாமும் நின்றிருந்தார்கள். உபைதுல்லா அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"இதுக்குப் பேரு அம்மோனைட். கணவாய் மீனுக்கு ஒறவு. ஓட்டோட கடல்ல திரிஞ்சது" என்றேன்.

"பாலைவனத்துக் கல்லுல கடலா?" கனி பாய் சிரித்தார்.

"அப்ப அது பாலைவனம் இல்ல பாய். பத்துக் கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. செத்து அடியில விழுந்துச்சு, மேல சேறு மூடிருச்சு..."

"அப்ப செத்த நத்தையோட மய்யத்து மேல தொழுவச் சொல்ற?"

"நத்தை இல்ல மாமு, கணவாய்" என்றார் அண்ணன். "போன ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல ரெண்டு தடவ வாங்கிச் சாப்டீங்களே, அது."

கனி பாய் அவரை முறைத்தார். நான் வெளியே போகும் வழியைப் பார்த்தேன். அக்கா என் தோளைத் தொட்டார். "தெரிஞ்சதச் சொல்லு. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

மண்டியிட்டு உட்கார்ந்தேன். கல்லைப் பார்த்தே பேசியபோது வார்த்தைகள் வந்தன. சதை முதலிலேயே மக்கிப்போயிருக்கும். அதில் எதுவும் இங்கே இல்லை. ஓடு மட்டும், சேறு சீக்கிரம் மூடியதால், நொறுங்காமல் தப்பியது. மேலே மேலே சேறு படிந்து இறுகிக் கல்லானது. அதற்குள் ஊறிய தண்ணீரில் ஓடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாக மாறிவிட்டது. வெளி அறைகள் மஞ்சளாக இருந்தன, சேறு புகுந்தவை. உள் அறைகளுக்குச் சேறு எட்டவில்லை. தண்ணீர் கொண்டுவந்த சுண்ணாம்பு அங்கே வெள்ளைப் படிகமாக நிறைந்திருந்தது. இரண்டையும் விரலால் காட்டினேன்.

"அந்தச் சன்னல் பக்கத்துக் கல்லப் பாருங்க. எல்லாம் ஒடைஞ்ச சிப்பித் துண்டு. அது அலை அடிச்ச எடம். இது முழுசா இருக்கு, தண்ணி அமைதியா நின்ன எடம்."

இமாம் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "ஒரு மனுசன் வரையல, செதுக்கல. மய்யத்தும் இல்ல. வெறும் கல்லுதான். ஆனா ருமானா, இம்புட்டு அழகா இருந்தா தொழுறவுக கண்ணு இதுலதான் நிக்கும். முன் வரிசையில வேணாம்."

"அப்ப ஒடைக்கத்தானே வேணும்?" என்றார் கனி பாய்.

"முழுசா எடுக்குறேன் மாமு" என்றார் அக்கா.

"சிமென்ட்டுக் கலவையில இறுகுன கல்லு முழுசா வந்து நான் பாத்ததில்ல. சுத்தியிருக்க கல்லுல விரிசல் விட்டா கீழ் வேலைய மறந்துரணும்."

"மறந்துர்றேன்."

சுருளுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் கல் ஒன்றை அக்கா முதலில் உடைத்தார். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் படுத்துக்கொண்டு, சுருளிருந்த கல்லின் அடியில் உளியைப் படுக்கவைத்து, கலவையைத் துளித்துளியாகச் சுரண்டினார். ஓங்கி அடிக்கவே இல்லை. மதியச் சோறு ஆறிப்போனது. கனி பாய் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். வெயில் சாய்ந்த நேரத்தில் கல் லேசாக ஆடியது. மூலையில் ஒரு சில்லு தெறித்தது. அக்கா கண்ணை மூடித் திறந்தார். சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுற்றிலும் விரிசல் இல்லை.

அந்த இரண்டு இடங்களிலும் தேர்ந்தெடுத்த வெறும் கற்களைப் பதித்தார். சுருளிருந்த கல்லை, பெண்கள் தொழுகைக்கு முன் கை கால் கழுவும் குழாயடியில் வைத்தார். குழாயைத் திறந்ததும் அதன் மேல் தண்ணீர் ஓடியது.

கனி பாய் தரையைக் குனிந்து தடவிப் பார்த்தார். "கீழ் ஹாலுக்கு அளவெடுக்க உபைதுல்லாவை வரச் சொல்லு."

"அளவும் நான்தான் எடுப்பேன் மாமு."

"எடு, எடு. ஆனா இன்னொரு கணவாயக் கொண்டாந்துராத."

மறுநாள் கடை திறக்கும்போதே அக்கா வாசலில் நின்றார். கையில் வாளி. "கீழ் ஹாலுக்குக் கல்லு ஏத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் தண்ணி ஊத்திப் பாக்கணும், நனைஞ்சாத்தான் உருவம் தெரியும். உருவம் இருக்கிறத நீ பிரிச்சு வையி. எது அலை, எது அமைதின்னு எனக்கும் சொல்லு."

கல் அடுக்கு என் உயரத்துக்கு இருந்தது. பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முதல் கல்லை நிமிர்த்தினேன். அக்கா தண்ணீரை ஊற்றினார்.