கற்பூரத்தை அணைக்கும் கை

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு மனிதர்களின் முகம் தெரியாது, சட்டைப்பைதான் தெரியும். பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருக்கிறதா, தீப்பெட்டி இருக்கிறதா, வேட்டி மடிப்பில் ஏதாவது செருகி வைத்திருக்கிறார்களா என்று கண் தானாகப் போய்விடும். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் காட்டுக்கு அப்போது நான்தான் தீக்காவலர். ஊரில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், ‘ஃபயர் வாட்சர்’ என்பார்கள். கோடைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும் தற்காலிக வேலை. மழை வந்தால் வேலை போய்விடும். ஒரு காக்கிச் சட்டை, ஒரு கொடுவாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை சந்தேகப்படுவது. அவ்வளவுதான் உத்தியோகம்.

சந்தேகம் என் கூடவே பிறந்தது என்பாள் என் மனைவி. இருக்கட்டுமே. இலுப்பைப் பூ பொறுக்க வசதியாக மரத்தடிச் சருகைக் கொளுத்துகிறவர்கள், தேன்கூட்டுக்குப் புகை போட்டுவிட்டுப் பந்தத்தை அப்படியே எறிந்துவிட்டு வருகிறவர்கள், காவலூருக்குத் தொலைநோக்கி பார்க்க வந்துவிட்டு வழியில் கல்லைக் கூட்டிக் கோழி சுடுகிறவர்கள், இவர்களையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தால் மலை மொட்டையாகிவிடும்.

வீடு வீடாகப் போய்ச் சொல்வதும் என் வேலைதான். கொல்லையில் செத்தையைக் கொளுத்துவதானால் முன்கூட்டிச் சொல்லுங்கள், வீட்டை ஒட்டி வைக்கோல் போர் போடாதீர்கள், அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகு கொட்டுங்கள். கடைசியில் சொன்னதற்குத்தான் பெண்கள் சண்டைக்கு வருவார்கள். கோடையில் ஊர்க் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று குழாய்க்கே தெரியாது. வந்தாலும் நூல் மாதிரி வரும்.

“குடிக்கவே தண்ணி இல்ல. சாம்பலுக்கு இன்னாத்துக்கு ஊத்தணும்?” என்று என் முகத்துக்கு நேரே கேட்டது வேறு யாருமில்லை, என் மனைவிதான்.

அவளுக்குச் சாம்பல் காய்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால், காடு தொடங்கும் இடத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றியே பத்துப் பதினைந்து கத்தரிச் செடிகளைக் காப்பாற்றி வைத்திருந்தாள். பூச்சி விழுந்தால் காய்ந்த சாம்பலைத்தான் தூவ முடியும், நனைந்தது எதற்கும் ஆகாது. வீட்டிலேயே என் பேச்சு எடுபடவில்லை என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும். அதனால் நானும் மூச்சு விடவில்லை.

எல்லாரையும் விட எனக்குச் சந்தேகம் எங்கள் தெருக்கோடி ஆட்டுக்காரர் மேல்தான். எனக்கு மச்சான் முறை. நிலம் கிடையாது, ஆடுதான் அவர் வீட்டுக்குச் சோறு. தீ பட்ட சரிவில் முதல் மழைக்கே இளம்புல் பொங்கிக்கொண்டு வரும், ஆடுகளுக்கு அது கல்யாண விருந்து. ஆகவே ஆடு வைத்திருக்கிறவன் காட்டில் கை வைப்பான் என்பது என் கணக்கு. போதாததற்கு ஓயாமல் பீடி பிடிப்பார். எதிரில் வந்தால், “இன்னா மச்சான், பையத் தடவிப் பாக்கறியா?” என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்று கேலி செய்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன சித்திரையில் ஒரு மதியம் ஊருக்குப் பின்புறச் சரிவில் புகை எழுந்தது. நான் அந்நேரம் மறுபக்க மேட்டில் இருந்தேன். சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடி ஏறித் தீயணைப்புக்குப் போன் செய்துவிட்டு இறங்கி வருவதற்குள், காற்று தீயை மேலே தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஊரே பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு வந்து அடித்தது. ஆட்டுக்காரரும் அடித்தார். அதையும் நான் நடிப்பு என்றே நினைத்தேன். தீயணைப்பு வண்டி கீழிருந்து அந்த வளைவுகளில் ஏறி வந்து சேர்ந்தபோது, சரிவு கறுப்பாகிவிட்டிருந்தது. காய்க்கிற புளியமரங்கள் கருகிவிட்டன. ஓரத்தில் இருந்த சாமை வைக்கோல் போர்கள் போய்விட்டன. வண்டிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சாலையில் பஸ்ஸே பெருமூச்சு விட்டுத்தான் ஏறும். உள்ளே கனன்றுகொண்டிருந்த அடிமரங்களுக்குத் தண்ணீர் அடித்துவிட்டு, “எங்க ஆரம்பிச்சுதுங்க?” என்று கேட்டார்கள். எங்கள் கத்தரிச் செடிகளும் கருகிக் கிடந்தன. பாவி, என் வீட்டுக் கொல்லை வரைக்கும் தீயைக் கொண்டுவந்துவிட்டானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அன்று காலை அந்தச் சரிவில் அவருடைய ஆடுகள் மேய்ந்ததை நான் பார்த்திருந்தேன். வனத்துறை ரேஞ்சரிடம் அதைச் சொன்னேன். இடுப்பில் தீப்பெட்டி இருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவரைத் திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். கேஸ் போட்டால் இனி அவர் காட்டுக்குள் ஆடு ஓட்ட முடியாது. ஆட்டை விற்றுவிட்டு, கீழே போய் செங்கம் மார்க்கெட்டில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

“பீடி பத்த வெச்சது நெசம் மச்சான். கல்லு மேல தேச்சி அணைச்சிட்டுத்தான் வந்தேன்” என்று என் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னார். கேலி இல்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன். “அத ஆபீசுல போய்ச் சொல்லு” என்றேன். உள்ளே என் மனைவி பாத்திரத்தை நங்கென்று கீழே வைத்தாள்.

அதற்கப்புறம் அவரும் சும்மா இருக்கவில்லை. “தீ இல்லன்னா ஃபயர் வாட்சருக்கு வேல ஏது? யோசிச்சிப் பாருங்க” என்று டீக்கடையில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டார். அது போதும். நான் உள்ளே போனால் கடையில் பேச்சு நின்றுவிடும். டீயை ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். இப்போது என் சட்டைப்பையை ஊர் பார்த்தது. எனக்கு அது பழக்கமில்லை.

ஊர்க்காரியங்களுக்கு முன்னால் நிற்கிற ஊர்க்கவுண்டர் ஒரு முடிவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலில் நாங்கள் இருவரும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். தீ வைக்கவில்லை என்று அவர். நான் சொன்னது உண்மை, என் வீட்டுக்கும் இந்தத் தீக்கும் சம்பந்தமில்லை என்று நான். யார் கை பின்வாங்குகிறதோ அவர்மேல்தான் குற்றம். இரண்டு கையும் அணைத்தால் ஊர் ஒதுங்கிக்கொள்ளும், ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். கற்பூரத்தை அணைத்துப் பொய் சொன்னால் அது பிள்ளைகளைப் பிடிக்கும் என்பதில் எங்கள் மலையில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எனக்கும்தான். ஆட்டுக்காரர் வரவே மாட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையைக் கேட்டேன். மனைவி எடுத்துத் தரவில்லை. கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, நீ கற்பூரத்துல கை வெக்காத.”

“இன்னாத்துக்கு?”

“நம்ம புள்ளைங்க கீதுங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தீப்பிடித்த நாளிலிருந்து அவள் சாம்பலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குழாயில் சொட்டாத அன்றுகூட, குடிக்க வைத்திருந்ததில் ஒரு சொம்பு ஊற்றினாள். நான் அதைப் பார்த்தேன். கடைசியில் என் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். ஊரார் மடியையெல்லாம் துழாவின கண் இது!

“கத்தரிக்குத்தான் போட்டேன். புளியங்கட்ட தணலு உள்ள சாவாம இருந்திருக்குது. நான் போய்ட்டு தண்ணி எடுத்துனு வர்றதுக்குள்ள புல்லுல ஏறிடிச்சி” என்றாள். தீ எங்கள் கத்தரி வரைக்கும் வரவில்லை. அங்கிருந்துதான் போயிருக்கிறது.

கன்னாபின்னாவென்று கத்தினேன். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றேன். “நீ யாரு சொல்லி நம்பியிருக்க?” என்று திருப்பிக் கேட்டாள். சட்டையை நானே எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கோயிலுக்கு நடக்கும்போது புத்தி குறுக்கு வழி தேடியது. என் வீட்டில் யாரும் தீ வைக்கவில்லையே, அது தானாகத்தானே விழுந்தது, அம்மனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா என்று பாதி வழி வரைக்கும் வாதாடிக்கொண்டே போனேன்.

ஆட்டுக்காரர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். தட்டில் கற்பூரத்தை ஏற்றினார்கள். அவர் அம்மனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எனக்காக வேறு கற்பூரம் வைத்து ஏற்றினார்கள். கையை நீட்டினேன். சூடு பட்டது. என் இரண்டு பிள்ளைகளும் வந்து கண் முன்னால் நின்றார்கள். கையை இழுத்துக்கொண்டேன்.

“எங்க வூட்டுச் சாம்பல்லேர்ந்துதான் புடிச்சிது. மச்சான் மேல தப்பு இல்ல” என்றேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் நம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். சாம்பலை ஒருவரும் நம்பவில்லை. கை பின்வாங்கியதைத்தான் பார்த்தார்கள். “வேலைக்காவ வெச்சிட்டு இப்ப சாம்பல்னு சொல்றான் பாரு” என்று ஒரு குரல் வந்தது. திங்கட்கிழமை ஆபீசுக்கு நானே போய் அதையே சொன்னேன். ஆட்டுக்காரரை விட்டுவிட்டார்கள். என் காக்கிச் சட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் இன்றைக்கும் நான் நுழைந்தால் பேச்சு நின்றுதான் மறுபடி தொடங்குகிறது.

இந்தக் கோடைக்குத் தீக்காவல் வேலை ஆட்டுக்காரருக்குப் போயிருக்கிறது. ஆடுகளை அவர் மனைவி ஓட்டுகிறாள். அவர் தினமும் காலையில் காக்கிச் சட்டையோடு நேராக எங்கள் கொல்லைக்கு வருகிறார். என்னிடம் பேசுவதில்லை. குனிந்து, கற்பூரத்தில் வைத்த அதே கையை விரித்துச் சாம்பல் குவியல்மேல் வைத்துப் பார்க்கிறார். இங்கும் அங்கும் நகர்த்தி, சூடு இல்லை என்று உறுதியான பிறகுதான் எழுந்து போகிறார். ஊரில் வேறு எந்த வீட்டுச் சாம்பலையும் அவர் தொடுவதில்லை.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. “தெனம் தெனம் வந்து அசிங்கப்படுத்தறான் பாத்தியா?” என்று மனைவியிடம் பொருமினேன்.

அவள் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“இந்த ஊர்ல நம்ம சொன்னத நம்புனது அவரு ஒருத்தர்தான், மாமா” என்றாள்.

நான் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன்.