கயிற்றின் மறுமுனை

வீட்டில் அவள் ஒரு துணியைக்கூட மடிப்பதில்லை. கொடியிலிருந்து எடுத்த துணி நாற்காலியில் மலையாகக் குவிந்து கிடக்கும். பஸ் ஓட்டிவிட்டு வரும் கணவர்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்து வைப்பார். "ஊருக்கெல்லாம் மடிக்கிறவளுக்கு வீட்ல மடிச்சுக் குடுக்க ஆள் வேணுமாம்" என்று அவர் புலம்பாத நாளில்லை. அவளும் சளைத்தவளில்லை. "நீங்க மட்டும் வீட்டுக்கு வந்தும் பஸ் ஓட்டுறீங்களாக்கும்?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

துறைமுகத்துச் சாலையில் இருக்கும் பட்டறையில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கப்பல்களின் மேல்தளத்து ஓரத்தில், படுக்க வைத்த பீப்பாய் மாதிரி வெள்ளையாக ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு ரப்பர் மிதவை மடிந்து கிடக்கும். கப்பல் மூழ்கினால் பெட்டி தானாகக் கழன்று மேலே வரும், கயிறு இழுபடும், மிதவை காற்று நிரம்பி விரியும், ஆட்கள் ஏறிப் பிழைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒருமுறை அதைக் கரைக்கு இறக்கி, விரித்து, சோதித்து, திரும்ப மடித்து அனுப்ப வேண்டும். அந்த வேலைதான் அவளுக்கு.

மடிக்கிறதுதானே என்று இளக்காரமாக நினைத்தவர்களை அவள் ஒருமுறை மடிக்கச் சொல்வாள். பன்னிரண்டு பேர் உட்காரும் மிதவையை, அதன் கூரை, துடுப்பு, தண்ணீர்ப் பொட்டலம், பிஸ்கட், மருந்து, சிலிண்டர் சகிதம் ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுப் பெட்டிக்குள் அடக்க வேண்டும். அடக்கினால் போதாது, எப்போது கயிற்றை இழுத்தாலும் எங்கும் சிக்காமல் விரிய வேண்டும். அதற்காக வேலையில் கை வைக்கும் முன்பு மோதிரம், கம்மல், கைக்கடிகாரம், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவாள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். காற்றடித்த மிதவையின் தையலில் காதை வைத்து, வைத்தியர் நெஞ்சைக் கேட்பது போலக் கேட்பாள். ரப்பர் ஒட்டாமலிருக்க வெள்ளை மாவைத் தூவித் தூவி, சாயங்காலம் அவளே ஒரு மாவு மூட்டையாகத்தான் வெளியே வருவாள். கடைசியில் சான்றிதழில் கையெழுத்து. முன்பு எட்டு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தபோது அவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. அதனாலோ என்னவோ, இங்கே போடும் கையெழுத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

அவள் மடித்துக் கொடுத்த இரண்டு மிதவைகளோடு ஒரு சரக்குக் கப்பல் காணாமல் போனது. பதினோரு பேர். புறப்பட்ட மூன்றாம் நாள் காலையில், "அலை பெருசா இருக்கு, மெதுவா போறோம்" என்று ஒரு தகவல் வந்தது. அவ்வளவுதான். பன்னிரண்டு நாள் விமானங்கள் தேடின. ஒரு பலகை இல்லை, எண்ணெய்ப் படலம் இல்லை, ஒரு செருப்புகூட இல்லை. கடல் வாயைத் துடைத்துக்கொண்டு சும்மா கிடந்தது.

கப்பல்தான் போயிற்று, மிதவை எங்கே என்று தொலைக்காட்சியில் ஒருவர் கேட்டார். "ஒண்ணாவது மேல வந்திருக்கணுமே? பட்டறைக்காரங்க ஒழுங்கா மடிச்சாங்களா?" அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கை தன்னால் காற்றை மடித்துப் பார்த்தது. இடது ஓரம், வலது ஓரம், கூரை உள்ளே, சிலிண்டர் கீழே. எங்கே தப்பியது? எதுவும் தப்பவில்லை. ஆனால் தப்பவில்லை என்று எதைக் காட்டிச் சொல்வது? அத்தாட்சி கடலுக்கடியில் எங்கேயோ கிடக்கிறது. குழம்பில் இரண்டு நாள் உப்பு தூக்கலாகிவிட்டது. எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிற கணவர் இரண்டு நாளும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

விசாரணைக்காரர்கள் வந்து காகிதங்களைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அக்கா, இனிமே யார் வந்து கேட்டாலும் நீங்க வாயே திறக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பெண் வந்தாள். அந்தக் கப்பலின் இன்ஜினியருடைய மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கையில் சான்றிதழின் நகல். முதலாளி உட்காரச் சொன்னதையும் தண்ணீர் கொடுத்ததையும் அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

"அது வந்தும்மா, எங்க ஆளுங்க எல்லாரும் சேர்ந்துதான்..." என்று முதலாளி இழுத்தார்.

"என்னோடது டீச்சர்" என்றாள் மடிப்பக்கா, மாவுக் கையோடு முன்னால் வந்து.

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க மிதவை திறந்துச்சா, இல்லையா? அதச் சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

சுவரோரமாக, டெலிவரிக்குத் தயாராக ஒன்பது வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் அவள் கட்டியவை. "அந்த மிதவைய என்னால காட்ட முடியாது. இதுல நீங்களே ஒண்ணு எடுங்க. நீங்களே கயித்த இழுங்க" என்றாள்.

முதலாளி பதறிப்போனார். "அக்கா! திங்கக்கிழமை கப்பலுக்குப் போகணும்! ரெண்டு நாள் வேலை!"

"சனி ஞாயிறு வந்து திரும்ப மடிச்சுத் தரேன் சார்."

டீச்சர் முன்னால் இருந்தவற்றைத் தாண்டிப் போய், மூலையில் கடைசியாக இருந்ததைத் தொட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா, சும்மா நம்பிவிடுவாளா? பெட்டியை முற்றத்துக்கு உருட்டி வந்தார்கள். டீச்சர் கயிற்றை இழுத்தாள். வந்தது. ஐந்து மீட்டர், பத்து மீட்டர், இன்னும் வந்தது. பெட்டி கல்லாட்டம் கிடந்தது.

"என்ன இது, வந்துக்கிட்டே இருக்கு?"

அந்தக் கயிறு முப்பது மீட்டர் நீளம் என்று மடிப்பக்காவுக்குத் தெரியும். அவளே சுருட்டி வைத்தது. தெரிந்தும், தரையில் விழுந்த கயிற்றைக் கண்ணால் அளந்து பார்த்தாள். "இழுங்க. கடைசியில பலமா ஒரு இழு இழுக்கணும்."

டீச்சர் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தாள். டமார் என்றது. பெட்டி இரண்டாகப் பிளந்து தெறிக்க, உள்ளேயிருந்து ஆரஞ்சு நிறத்தில் மிதவை புரண்டு, உருண்டு, நிமிர்ந்தது. கூரை எழுந்து நின்றது. முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புஸ்ஸென்று சத்தம் வரவும் டீச்சர் திரும்பி, "ஓட்டையா?" என்றாள்.

"இல்ல டீச்சர். அதிகமா இருக்கிற காத்த அதுவே வெளிய விடுது."

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் வழியாக உள்ளே தவழ்ந்து போனாள். வெகுநேரமாகியும் வரவில்லை. மடிப்பக்காவும் உள்ளே போனாள். தண்ணீர்ப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு பேர் இதுல தாராளமா உக்காரலாம் இல்ல?"

"உக்காரலாம்."

"உங்க வேலைல தப்பில்ல. அப்புறம் ஏன் ஒருத்தர்கூட வரல?"

இந்த இடத்தில் மடிப்பக்கா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தப்பில்லை என்று கேட்கத்தான் இத்தனை நாள் தவித்தாள், கேட்டாயிற்று. கூரை வாசலில் முதலாளி குனிந்து நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவளோ அவர் பக்கம் திரும்பவே இல்லை. அந்த மனசு எல்லாருக்கும் வாய்த்துவிடாது.

"கயித்தோட இந்த முனை என் கையில டீச்சர். அந்த முனையக் கப்பல்ல கட்டணும். அங்க ஒரு மெல்லிசான கயிறு இருக்கும். வேணும்னே மெல்லிசா செஞ்சது. கப்பல் கீழ போறப்ப மிதவை விரிஞ்சதும், அது அறுந்து மிதவைய விட்டுடும். ஆனா கப்பல்காரங்க அதப் பாத்துட்டு, இது எங்க தாங்கும்னு தடிக்கயிறு போட்டு இறுக்கிக் கட்டிடுறது உண்டு. நல்ல எண்ணத்துலதான். அப்படிக் கட்டிட்டா கப்பல் போற எடத்துக்கே மிதவையையும் இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"அந்தக் கப்பல்ல எப்படிக் கட்டியிருந்தாங்க?"

"தெரியாது. நான் போய்ப் பாக்கல." மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "வேற கப்பல்லேருந்து வந்த பெட்டியில அப்படித் தப்பான முடிச்ச ரெண்டு மூணு தடவ பாத்திருக்கேன். ஃபோன்ல சொல்லிட்டு விட்டுட்டேன். லாரில ஏத்துறதோட என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்."

மிதவை புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. திட்டுவாள் என்று மடிப்பக்கா காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை கப்பலுக்குப் போகணும்னாரே. அது எந்தக் கப்பல்?"

"அரிசி ஏத்துற கப்பல்."

"போய்ப் பாருங்க. நானும் வர்றேன்."

திங்கட்கிழமை டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். துறைமுக வாசலில் காவலாளி அவளை உள்ளே விடவில்லை. அனுமதிச் சீட்டு பட்டறைக்காரர்களுக்கு மட்டும்தான். மடிப்பக்கா தனியாகத்தான் ஏறினாள். பல்பு மாற்ற ஸ்டூலில்கூட ஏறாதவள், ஆடுகிற அந்தப் படிக்கட்டில், கீழே தண்ணீர் தெரியத் தெரிய, கைப்பிடியை விடாமல் ஏறினாள். அதற்குப் பிறகு எத்தனையோ கப்பல் ஏறிவிட்டாள்; கைப்பிடியை மட்டும் இன்னும் விடுவதில்லை.

பெட்டிகளை அதற்குள் பொருத்திவிட்டிருந்தார்கள். "கயிறு கட்ட எங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று சிரித்தார் மூத்த மாலுமி.

"நல்லாத் தெரியும் தம்பி. அதான் எனக்குப் பயம்."

குனிந்து பார்த்தாள். மெல்லிய கயிற்றுக்குத் துணையாக, கட்டைவிரல் தடிமனில் ஒரு கயிறு, ஐந்து முடிச்சு, அழகான முடிச்சு. அவளால் அவிழ்க்கவே முடியவில்லை. "அது நூல் மாதிரி இருந்துச்சுக்கா, பாக்கவே பயமா இருந்துச்சு" என்றார் அவர். அவள் விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு மறைந்தது. தானே உட்கார்ந்து ஐந்து முடிச்சையும் அவிழ்த்தார். அவள் சொன்ன மாதிரியே கட்டினார். பிறகு யாரும் சொல்லாமலே எழுந்து மறுபக்கத்துப் பெட்டியைப் பார்க்க ஓடினார்.

வாசலில், வெயிலில், டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"தப்பாத்தான் கட்டியிருந்தாங்க. ரெண்டையும் மாத்தியாச்சு."

டீச்சர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

"அதுல எத்தன பேரு?"

"பதினாலு பேரு."

கப்பல் இருந்த பக்கம் திரும்பி டீச்சர் சொன்னாள், "போயிட்டு வரட்டும்."